தீட்டுப்பட்ட மண் எது?

(தென்காசியில் நடந்த பொதுக்கூட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் "குப்பைமேடும் சர்க்கார் பணமும்" என்பது பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கிறேன். பேச எழுந்திருப்பதற்கு முன்பே ஒரு சீட்டு என் கைக்கு வந்துவிட்டது. "குப்பையைப் பற்றிப் பேச முனிசிபாலிடி இருக்கிறது, சுயமரியாதைக்காரருக்கு அதில் என்ன வேலை?" என்று ஒரு தோழர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லுவதுதான் இன்றைய என் பேச்சு முழுவதுமே என்று அந்தத் தோழருக்குத் தெரிவித்துக் கொள்ளுகிறேன்.

தோழர்களே! நம் நாட்டில் "தீட்டு" என்ற வார்த்தைக்கு உள்ள மதிப்பு வேறு எந்த வார்த்தைக்கும் இல்லை. பிள்ளை பெற்றால் தீட்டு, செத்தால் தீட்டு, பெண் மூன்று நாள் ஒதுங்கியிருந்தால் தீட்டு, ஒரு சாதியான் தொட்டால் தீட்டு, இன்னொரு சாதியான் எதிரில் வந்தாலே தீட்டு. இவ்வளவு தீட்டையும் போக்குவதற்கு மந்திரமும், மாட்டு மூத்திரமும், மாவிலைத் தண்ணீரும் இருக்கின்றன. தட்சணை கொடுத்தால் அரை நாழிகையில் பூமி சுத்தமாகிவிடுகிறது. இந்த ஊர்க் காசி விசுவநாதர் கோவிலுக்கு 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி கும்பாபிஷேகம் நடந்ததே, அதற்குக் கூடிய கூட்டம் உங்களுக்குத் தெரியும். கல்லும் சுதையும் புனிதம் அடைந்தன என்று எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். நல்லது.

ஆனால், எந்த மந்திரத்துக்கும் அடங்காத தீட்டு ஒன்று இருக்கிறது. அதுதான் ஊர்க் குப்பைமேட்டின் அடியில் இருக்கிற மண். அந்த மண்ணில் ஈயம் இருக்கிறது, பாதரசம் இருக்கிறது, மருந்துக் கழிவு இருக்கிறது. அதைத் தொட்ட தண்ணீர் கிணற்றுக்குப் போகிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவனுக்கு வியாதி வருகிறது. இது கண்ணால் பார்க்கத் தக்க, பரிசோதனைச் சாலையில் அளந்து காட்டத் தக்க தீட்டு. இல்லாத தீட்டைக் கழிக்க ஆயிரம் சாஸ்திரம் எழுதியவர்கள், இருக்கிற தீட்டைக் கழிக்க ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அதோடு விட்டார்களா? இருக்கிற அழுக்கைச் சுத்தம் செய்கிறவனைத்தான் தீண்டத்தகாதவன் என்றும் ஆக்கி வைத்தார்கள். ஆகவேதான் குப்பைமேட்டைப் பற்றிப் பேசுவது சுயமரியாதைக்காரனுடைய முதல் வேலைகளில் ஒன்று என்று சொல்லுகிறேன்.

குப்பைமேடு என்பது என்ன என்று முதலில் பார்ப்போம். நாற்பது வருஷத்துக்கு முன் ஊர்க் குப்பை என்றால் சாணியும், சருகும், சாம்பலும், காய்கறித் தோலும்தான். அது மக்கிப் போய் வயலுக்கு எருவாகியது. இன்றைக்கு அதோடு பிளாஸ்டிக் பை, பேட்டரி, டியூப்லைட், பெயிண்டு டப்பா, ஊசி, மாத்திரை எல்லாம் சேர்ந்து போகின்றன. மழை பெய்தால் இவற்றின் சாறு கறுப்புத் தண்ணீராகக் கசிந்து பூமிக்குள் இறங்குகிறது. காற்றுப் புகாத அடிப்பாகத்தில் அழுகும் குப்பையிலிருந்து மீத்தேன் என்னும் வாயு கிளம்புகிறது. அது சுலபமாகத் தீப்பற்றும். நமக்குப் பக்கத்திலே, மலைக்கு அந்தப் புறம், கொச்சி நகரத்துப் பிரம்மபுரம் குப்பைமேட்டில் 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ந் தேதி பற்றிய தீயை முற்றிலும் அணைக்கப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. அத்தனை நாளும் நகரத்தார் நஞ்சுப் புகையைச் சுவாசித்தார்கள்.

இன்னொரு சங்கதி கேளுங்கள். இலங்கையில் கொழும்புக்குப் பக்கத்தில் மீத்தொட்டமுல்லை என்று ஓர் இடம். அங்கே மலைபோலக் குவிந்திருந்த குப்பை 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி சரிந்து, கீழேயிருந்த வீடுகளின் மேல் விழுந்தது. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். அந்தத் தேதியைக் கவனியுங்கள். தமிழரும் சிங்களவரும் சித்திரை வருஷப் பிறப்புக் கொண்டாடுகிற நாள் அது. பஞ்சாங்கக்காரன் சுப வேளை குறித்துக் கொடுத்த நாள். குப்பைக்குப் பஞ்சாங்கம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பாரமும் ஈரமும்தான். அங்கே செத்தவர்கள் யார்? மாளிகைக்காரர்களா? வேறிடத்தில் குடியிருக்கக் கதியில்லாத ஏழைகள். நீங்களும் உங்கள் ஊர்க் குப்பைமேடு எந்தத் திசையில் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அக்கிரகாரத்துக்குப் பக்கத்தில் குப்பைமேடு இருக்கிற ஓர் ஊர் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

நிற்க, இப்போது சர்க்கார் பணத்துக்கு வருவோம். மத்திய சர்க்கார் 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் பாகத்தை ஐந்து வருஷ காலத்துக்கு என்று ஆரம்பித்தார்கள். முழுத் திட்டத்தின் மதிப்பு ஒரு லட்சத்து 41 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். பழைய குப்பைமேடுகளை அகற்றி நிலத்தை மீட்பது அதில் ஒரு பாகம். தேசம் முழுவதும் சுமார் 16 கோடி டன் பழைய குப்பை கிடக்கிறது என்றும், அதன் அடியில் சுமார் 15 ஆயிரம் ஏக்கர் நகர நிலம் புதைந்து கிடக்கிறது என்றும் அப்போது சர்க்காரே கணக்குச் சொன்னார்கள். 15 ஆயிரம் ஏக்கர்! குடியிருக்க மூன்று சென்டு இல்லாமல் புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் கிடக்கிற ஜனங்கள் உள்ள நாட்டிலே இத்தனை நிலத்தைக் குப்பைக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

பணம் பங்கிடும் முறையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரத்துக்கு மத்திய சர்க்கார் கால் பங்கு. ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு. ஒரு லட்சத்துக்குக் குறைந்தால் பாதி. தென்காசி முனிசிபாலிடிக்கு 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஜனத்தொகை சுமார் 70 ஆயிரம். அதாவது நம்மைப் போன்ற சின்ன ஊருக்குத்தான் பெரிய பங்கு வைத்திருக்கிறார்கள். மீதிக்கு மாகாண சர்க்காரும் முனிசிபாலிடியும் பொறுப்பு.

இந்தப் பணம் யாருடைய பணம்? டில்லிக்காரர் வீட்டுப் பணமா? நீங்கள் தீப்பெட்டி வாங்கினாலும், சோப்பு வாங்கினாலும், குழந்தைக்குப் பிஸ்கோத்து வாங்கினாலும் வரி கொடுக்கிறீர்கள். உங்கள் பணம் டில்லிக்குப் போய், சென்னை வழியாகத் திரும்பி வருகிறது. ஆகவே அதைப் பிச்சை என்று வாங்கிக் கும்பிட வேண்டியதில்லை. கணக்குக் கேட்டு வாங்க வேண்டியதுதான் யோக்கியமான காரியம்.

கணக்குக் கேட்க வேண்டுமானால் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதை "பயோ மைனிங்" என்கிறார்கள். பழைய குப்பையைத் தோண்டி நீள நீளக் குவியலாகப் போட்டு, நாற்றத்தையும் அழுகலையும் தீர்க்கும் நுண்ணுயிர்க் கரைசலைத் தெளித்து, சில வாரம் புரட்டிப் புரட்டிக் காய வைக்கிறார்கள். பிறகு பெரிய உருளைச் சல்லடைகளில் சலிக்கிறார்கள். மண் ஒரு பக்கம், கல்லும் செங்கல்லும் ஒரு பக்கம், இரும்பும் கண்ணாடியும் ஒரு பக்கம், பிளாஸ்டிக்கும் கந்தையும் ஒரு பக்கம் பிரிகின்றன. கடைசியில் சொன்னது சிமெண்டு ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. கல் பள்ளம் தூர்க்க உதவும். மண்ணைப் பற்றி மாத்திரம் கிராமத் தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கறுப்பாக, பொலபொலவென்று இருக்கிறதே என்று அதை வாங்கி வயலில் கொட்டிவிடாதீர்கள். ஈயம், காட்மியம் போன்ற உலோக நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதித்த சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சீட்டு இல்லாத மண் எருவும் அல்ல, இனாமும் அல்ல.

இனிச் செலவைப் பாருங்கள். சென்னைக் கொடுங்கையூரில் சுமார் 250 ஏக்கரில் 66 லட்சம் டன்னுக்கு மேல் குப்பை இருப்பதாகக் கணக்கிட்டு, அதை அகற்ற 640 கோடி ரூபாய் அளவில் வேலை கொடுத்திருக்கிறார்கள். கூட்டிக் கழித்தால் டன்னுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கிட்ட வருகிறது. மத்தியப் பிரதேசத்து இந்தூரிலோ, 2018-ஐ ஒட்டி, சுமார் நூறு ஏக்கரில் கிடந்த பத்து லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குப்பையை, முழு வேலையையும் காண்டிராக்டரிடம் விடாமல், நகரசபையே இயந்திரங்களை வாடகைக்கு எடுத்து, சுமார் பத்துக் கோடி ரூபாயில் முடித்தது. இரண்டு ஊர் நிலையும் ஒன்றல்ல, காலமும் ஒன்றல்ல என்று உத்தியோகஸ்தர்கள் சொல்லக்கூடும். இருக்கட்டும். ஆனால் வித்தியாசம் இரட்டிப்பு அல்ல, அதற்கும் மேலே பல மடங்கு. வித்தியாசத்துக்குக் காரணம் என்ன என்று கேட்பதற்கு வரி கொடுத்தவனுக்கு உரிமை உண்டு. கோவிலில் தர்மகர்த்தாவைக் கணக்குக் கேட்காமல் இருந்து பழகிய ஜனங்கள், முனிசிபாலிடியிலும் காண்டிராக்டரைக் கேட்காமல் இருக்கிறார்கள். கேட்டால் பாவம் என்ற புத்தி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அடுத்தபடியாக, எல்லா அழுக்குக்கும் ஜனங்களே பணம் கொடுக்க வேண்டுமா என்பது ஒரு கேள்வி. ஊர்க் குப்பை நாம் எல்லோரும் போட்டது. அதற்கு நம் பணம் செலவாவது நியாயம். ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை சுமார் இருபது வருஷம் தோல் பதனிடும் இரசாயனத்துக்காக ஓடி, 1995-ஐ ஒட்டி மூடப்பட்டது. இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை அங்கேயே மலையாகக் குவித்து விட்டுப் போயிற்று. அது புற்றுநோய் உண்டாக்கக் கூடிய நஞ்சு. பக்கத்து நிலத்தடித் தண்ணீர் மஞ்சளாயிற்று. லாபம் போகிற வழியில் போயிற்று. மலை மாத்திரம் ஜனங்களுக்கு நின்றது.

இதே மாதிரி ஒரு காரியம் அமெரிக்காவில் நடந்தபோது அங்குள்ளவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். நம் குற்றாலத்தைப் போல அருவியால் பெயர் பெற்ற ஊர் நயாகரா. அங்கே ஓர் இரசாயனக் கம்பெனி, லவ் கால்வாய் என்ற பழைய வாய்க்காலில் சுமார் 21 ஆயிரம் டன் கழிவைப் புதைத்து, மேலே மண்ணை மூடி, 1953-ல் அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளிக்கூடச் சபைக்கு விற்றுவிட்டது. அதன்மேல் பள்ளிக்கூடம் எழும்பிற்று. சுற்றிலும் வீடுகள் எழும்பின. பிறகு வீட்டு அடியறைகளில் நஞ்சு ஊறிற்று. பிள்ளைகளுக்கு நோய் கண்டது. "விதி" என்று அவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடவில்லை. லோயிஸ் கிப்ஸ் என்ற பெண்மணி, வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய், வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன வியாதி என்று கணக்கெடுத்தார். 1978-ல் சர்க்கார் அங்கே அவசர நிலை பிரகடனம் செய்து குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். 1980-ல் ஒரு சட்டம் வந்தது. நஞ்சைப் போட்டவனே சுத்தம் செய்கிற செலவைக் கொடுக்க வேண்டும். அவன் அகப்படாவிட்டால், எண்ணெய்க் கம்பெனிகள் மீதும் இரசாயனக் கம்பெனிகள் மீதும் போட்ட வரியிலிருந்து ஒரு பெரும் நிதி ஏற்படுத்திச் செலவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அந்த வரி 1995-ல் நின்றுபோய், இரசாயனங்கள் மீதான பாகம் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் திரும்ப வந்தது என்பதையும் கவனியுங்கள். வரி நின்ற காலத்தில் பாரம் பொதுஜனங்கள் தலையில் ஏறிற்று.

நம் நாட்டிலும் 2025-ஆம் ஆண்டு ஜூலையில் நஞ்சேறிய நிலங்களைப் பற்றி மத்திய சர்க்கார் விதிகள் வெளியிட்டிருக்கிறார்கள். கெடுத்தவன் செலவைக் கொடுக்க வேண்டும், கெடுத்தவன் அகப்படாவிட்டால் சர்க்கார் ஏற்க வேண்டும் என்று அவையும் சொல்லுகின்றன. காகிதத்தில் நல்ல காரியந்தான். ஆனால் கெடுத்தவன் யார் என்று தேடுவதற்கு முன்பே "அவன் அகப்படவில்லை" என்று எழுதிவிடக் கூடாது. அதைக் கவனிக்க ஜனங்கள் விழித்திருக்க வேண்டும்.

தோழர்களே! எல்லாவற்றையும்விட முக்கியமான இடத்துக்கு இப்போது வருகிறேன். குப்பை போய்விட்டது, நிலம் வந்துவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த நிலம் யாருக்கு?

நம் நாட்டு அனுபவத்தைக் கொண்டு சொல்லுகிறேன். நிலம் காலியானவுடன் முதலில் வருகிறவர் பிள்ளையார். ஒரு நாள் இரவில் அரச மரத்தடியில் சுயம்புவாக முளைப்பார். (சிரிப்பு.) நாற்பது வருஷம் நாறிக் கிடந்தபோது அந்த இடத்தில் முளைக்க எந்தச் சாமிக்கும் மனம் வரவில்லை. சுத்தமானவுடன் உண்டியலோடு வந்துவிடுவார். பிள்ளையாருக்கு அடுத்தபடி கடை கட்டுகிறவரும், மனை போடுகிறவரும் வருவார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையில், நாற்பது வருஷம் அந்த நாற்றத்தை மூச்சாக வாங்கிய குடும்பங்கள் வேறு இடத்துக்கு விரட்டப்படுவார்கள். "இடம் உயர்ந்துவிட்டது, நீ இங்கே இருக்கலாமா?" என்பார்கள். பொதுப் பணத்தால் ஏறிய நில மதிப்பு தனி மனிதன் பைக்குப் போவதற்குப் பெயர் சீர்திருத்தமா?

கொடுங்கையூரையே எடுத்துக் கொள்ளுங்கள். மீட்கிற இடத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வைக்க யோசனை வந்தது. "இத்தனை வருஷம் குப்பை, இனிமேல் புகையா?" என்று வடசென்னை ஜனங்கள் 2025-ஆம் ஆண்டு மனிதச் சங்கிலியாக நின்றார்கள். பணம் கொடுத்தவன் சர்க்கார் ஆனாலும், அனுபவிக்கிறவன் பக்கத்துக் குடிக்காரன். அவனைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்பதுதான் அவர்கள் சொன்னது. நியாயம் அவர்கள் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இவை. முதலாவது, மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் வேலைக்கு முன்னும் பின்னும் பரிசோதித்து, முடிவைத் தமிழில் எழுதி முனிசிபாலிடி வாசலில் ஒட்ட வேண்டும். பூமி பூசை போட்ட போட்டோ எங்களுக்கு வேண்டாம். பரிசோதனைச் சீட்டு வேண்டும். இரண்டாவது, பரிசோதனையில் தேறாத இடத்தில் பள்ளிக்கூடமும் வீடும் கட்டக் கூடாது, மரம் வைக்கலாம். தேறிய இடத்தில் பக்கத்துக் குடிகளுக்கே முதல் உரிமை. வீடோ, விளையாட்டு மைதானமோ, வாசகசாலையோ அவர்கள் சொல்லுகிறபடி. மூன்றாவது, எந்தச் சாமிக்கும் அங்கே ஓர் அங்குலம் கூடாது. நான்காவது, அங்கே தோண்டுகிற தொழிலாளிக்கு முகமூடி, கையுறை, பூட்சு, வைத்தியம், சரியான கூலி. இத்தனை நாள் அந்த மேட்டில் கந்தையும் இரும்பும் பொறுக்கிப் பிழைத்தவர்களுக்கு அந்தச் சலிக்கிற வேலையில் முதல் இடம். இந்த வேலை ஒரு சாதியின் வேலை என்ற எண்ணமே கூடாது. கூலி உயர்ந்து, கருவி நன்றாக இருந்தால், எந்தச் சாதியானும் வருவான். அன்றைக்குத்தான் அந்தத் தொழிலில் இருந்த தீட்டும் ஒழியும்.

குற்றாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குற்றாலம் சிறிய பேரூராட்சி. சாரல் காலத்திலோ லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து போகிறார்கள். அருவியில் குளித்தால் பாவம் போகும் என்கிறார்கள். பாவம் போகிறதோ இல்லையோ, பிளாஸ்டிக் பையும், எண்ணெய்ப் புட்டியும், சாராயக் குப்பியும் அங்கேயே தங்கிப் போகின்றன. எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் அருவியில் கூடாது என்று 2014-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை தடுக்க வேண்டியதாயிற்று. புண்ணிய தீர்த்தம் என்று கும்பிடுகிறவனை, அதில் அழுக்கைப் போடாதே என்று நீதிபதி சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் கும்பிடுக்கு என்ன மதிப்பு? அந்தத் தண்ணீர்தான் சிற்றாறாக இந்தத் தென்காசி வழியே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது. மேலே போட்ட அழுக்கைக் கீழே உள்ளவன் குடிக்கிறான்.

ஒரு பக்கம் சர்க்கார் பணத்தால் பழைய மேட்டைக் கரைத்து, மறுபக்கம் புது மேடு கட்டினால், அது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை. ஐம்பதாயிரம் டன் கிடக்கிற ஓர் ஊர் என்று உதாரணத்துக்கு வைத்துக் கொள்ளுங்கள். டன்னுக்கு ஆயிரம் என்றால் ஐந்து கோடி ரூபாய். அந்தப் பணத்துக்கு எத்தனை பள்ளிக்கூட அறை, எத்தனை ஆஸ்பத்திரிப் படுக்கை? மக்குகிறதை ஒரு கூடையிலும், மக்காததை ஒரு கூடையிலும், பேட்டரி, ஊசி போன்றதைத் தனியாகவும் வீட்டிலேயே பிரித்துவிட்டால் அந்த ஐந்து கோடி மறுபடியும் செலவாகாது. 2016-ஆம் ஆண்டு விதிகளே இதைச் சொல்லின. இரண்டாவது கூடையின் விலை நூறு ரூபாய். வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுகிற செலவைவிட அது அதிகமாகாது. தாய்மார்களை மாத்திரம் இதைச் செய்யச் சொல்லவில்லை. ஆண்களும் குப்பைக் கூடையைத் தூக்கட்டும். கை தேய்ந்து போய்விடாது.

சீட்டு எழுதிய தோழருக்கு இப்போது பதில் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். மனிதனைத் தீட்டு என்று ஒதுக்கி, மண்ணில் இருக்கும் உண்மையான நஞ்சைக் கவனியாமல் விட்ட புத்தியை மாற்றுவதுதான் நம் இயக்கத்தின் வேலை. அந்த புத்தி மாறாமல் சர்க்கார் எத்தனை கோடி கொடுத்தாலும், அது காண்டிராக்டருக்கும் புரோகிதருக்கும் பங்காகிப் போகும்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். நாளைக் காலையில் நாலு பேர் சேர்ந்து உங்கள் ஊர்க் குப்பைமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். பக்கத்துக் கிணற்றைப் பாருங்கள். அங்குள்ளவர்களை விசாரியுங்கள். பிறகு முனிசிபாலிடிக்குப் போய், இந்த ஊருக்கு எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு செலவாயிற்று, எத்தனை ஏக்கர் மீண்டது, அது யாருக்கு என்று எழுத்து மூலம் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. பத்து ரூபாய்க் கட்டணம் போதும். அர்ச்சனைச் சீட்டுக்குக் கொடுக்கிற பணத்தை ஒரு தடவை அதற்குக் கொடுத்துப் பாருங்கள். எது பலன் தருகிறது என்று உங்கள் சொந்த அறிவைக் கொண்டு முடிவு செய்து கொள்ளுங்கள்.